பூஞ்சையும் புற்றுநோயும்: 130 ஆண்டுக் கால ஆராய்ச்சி காட்டும் உண்மை



சென்ற ஆண்டு எங்கள் பள்ளிப் பெற்றோர் ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். அவருடைய தாயாருக்குப் புற்றுநோய். மருத்துவமனையில் சிகிச்சை தொடங்கவிருந்த நேரம். "ஐயா, புற்றுநோய் என்பதே ஒரு பூஞ்சைதானாம். சமையல் சோடா குடித்தால் போதுமாம். உறவினர்கள் புலனத்தில் அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். நீங்கள் அறிவியல் ஆசிரியர். சொல்லுங்கள், சிகிச்சையை நிறுத்திவிடலாமா?" என்றார். நிறுத்தக் கூடாது என்று உடனே சொன்னேன். ஏன் கூடாது என்பதை நின்றவாக்கில் விளக்க இயலவில்லை. அந்த விளக்கத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இக்கேள்விக்கு "முழுப்பொய்" என்று ஒரே சொல்லில் விடை கூறிவிட முடியாது. பூஞ்சைக்கும் புற்றுநோய்க்கும் தொடர்பு உண்டு. அது ஐயத்திற்கு இடமின்றி மெய்ப்பிக்கப்பட்ட தொடர்பு. ஆனால், புலனத்தில் சொல்லப்படும் தொடர்பு வேறு. ஆய்வுகள் மெய்ப்பித்த தொடர்பு வேறு. இரண்டையும் பிரித்தறிய இவ்வாராய்ச்சியின் வரலாற்றைத் தெரிந்துகொள்வதே சிறந்த வழி.

1890: முதல் குற்றச்சாட்டு

புற்றுநோய் பூஞ்சையால் உண்டாகிறது என்னும் கருத்து இணையத்தில் பிறந்ததன்று. அதற்கு 130 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வயதுண்டு. அக்காலத்தில்தான் காசநோய்க்கும் வாந்திபேதிக்கும் காரணமான கிருமிகளை இராபர்ட் கோக் கண்டுபிடித்திருந்தார். ஒவ்வொரு நோய்க்கும் ஒரு கிருமி இருக்க வேண்டும் என்று மருத்துவ உலகம் நம்பிய காலம் அது. புற்றுநோய்க்கும் ஒரு கிருமியைத் தேடினர்.

1890-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரைச் சேர்ந்த வில்லியம் ரசல் என்னும் மருத்துவர், புற்றுக்கட்டித் திசுக்களைச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தபோது சிவந்த சிறு உருண்டைகளைக் கண்டார். அவை ஈஸ்ட் வகைப் பூஞ்சைகள் என்றும் புற்றுநோய்க்குரிய உயிரி அவையே என்றும் அறிவித்தார். 1894-இல் ஜெர்மனியில் ஓட்டோ புசே என்பவர், ஒரு பெண்ணின் முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பில் கட்டிபோல் தோன்றிய புண்ணிலிருந்து உண்மையாகவே ஒரு ஈஸ்ட்டைப் பிரித்தெடுத்தார். இத்தாலியின் சான்ஃபெலிசே, ஈஸ்ட்டுகள் கட்டிகளை உண்டாக்கும் என்று தொடர்ந்து எழுதினார்.

பிறகு என்ன நேர்ந்தது? ரசல் கண்ட உருண்டைகள் உயிரிகளே அல்ல. நம் உடலில் எதிர்ப்புப் பொருள்களைச் சுரக்கும் அணுக்களில் புரதம் தேங்கி நிற்பதால் தோன்றும் உருண்டைகள் அவை. புற்றுநோய் இல்லாத அழற்சிப் புண்களிலும் அவை காணப்படுகின்றன. இன்றும் மருத்துவ நூல்கள் அவற்றை "ரசல் உருண்டைகள்" என்றே அழைக்கின்றன. புசே கண்டது மெய்யான பூஞ்சைதான்; ஆனால் அந்தப் பெண்ணுக்கு இருந்தது புற்றுநோயன்று, கட்டிபோல் தோற்றமளித்த பூஞ்சைத் தொற்று. இன்று அதனைக் கிரிப்டோகாக்கஸ் தொற்று என்கிறோம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இக்கொள்கை ஆய்வுலகில் மெல்ல மறைந்தது. அது தோற்றதற்குக் காரணம் எவருடைய சதியும் அன்று. நுண்ணோக்கியில் கண்ட பொருளைப் பிறர் மீண்டும் சோதித்தபோது அது வேறொன்றாக இருந்ததுதான்.

1960: வான்கோழிகள் சொன்ன செய்தி

எழுபது ஆண்டுகள் கழித்து, எவரும் எதிர்பாராத திசையிலிருந்து பூஞ்சை மீண்டும் அரங்கேறியது.

1960-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பண்ணைகளில் வான்கோழிகள் கூட்டங்கூட்டமாக மடியத் தொடங்கின. சில மாதங்களில் 1,00,000-க்கும் மேற்பட்டவை இறந்தன. வாத்துக் குஞ்சுகளும் மடிந்தன. கிருமி எதுவும் அகப்படவில்லை. ஆகவே, காரணம் தெரியாத நோய் என்னும் பொருளில் "வான்கோழி எக்ஸ் நோய்" என்று பெயரிட்டனர். இறந்த பறவைகளின் கல்லீரல் கடுமையாகச் சிதைந்திருந்தது.

நோய் பறவையிலிருந்து பறவைக்குப் பரவவில்லை. மாறாக, ஒரே வகைத் தீவனத்தை உண்ட பண்ணைகளில் மட்டும் தோன்றியது. அத்தீவனத்தில் பிரேசிலிலிருந்து இறக்குமதியான நிலக்கடலைப் பிண்ணாக்கு கலந்திருந்தது. 1961-இல் அப்பிண்ணாக்கில் ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்னும் பூஞ்சை வளர்ந்திருந்தது தெரியவந்தது. பூஞ்சையின் பெயரிலிருந்து "அ" என்னும் எழுத்தையும் "ஃபிளா" என்னும் ஒலியையும் எடுத்து, நஞ்சைக் குறிக்கும் "டாக்சின்" என்னும் சொல்லோடு சேர்த்து, அப்பூஞ்சை சுரந்த நஞ்சிற்கு "அஃப்லாடாக்சின்" என்று பெயர் சூட்டினர். புற ஊதா ஒளியில் நீல நிறமாக ஒளிர்ந்தவற்றை பி1, பி2 என்றும், பச்சையாக ஒளிர்ந்தவற்றை ஜி1, ஜி2 என்றும் வகைப்படுத்தினர். இவற்றுள் மிகக் கொடியது பி1.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். அந்த வான்கோழிகளின் உடலில் பூஞ்சை வளரவில்லை. பூஞ்சை வளர்ந்தது தீவனத்தில். பறவைகளைக் கொன்றது பூஞ்சை விட்டுச்சென்ற நஞ்சு. தொற்று வேறு, நஞ்சு வேறு. இக்கட்டுரை முழுவதற்கும் இதுவே திறவுகோல்.

அதே 1961-இல் பிரிட்டன் ஆய்வாளர்கள் அந்தப் பிண்ணாக்கை எலிகளுக்குச் சில மாதங்கள் தொடர்ந்து கொடுத்தனர். எலிகளின் கல்லீரலில் புற்றுக்கட்டிகள் தோன்றின. ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்காவின் மீன் பண்ணைகளில் வளர்க்கப்பட்ட வானவில் திரவுட் மீன்களுக்குக் கல்லீரல் புற்று பரவலாகத் தோன்றியது. அங்கும் தீவனமே காரணம். அதில் கலந்திருந்த பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கில் அதே நஞ்சு இருந்தது. விலங்குகளைப் பொறுத்தவரை ஐயம் நீங்கியது. மனிதருக்கு எப்படி?

மனிதரிடம் மெய்ப்பிக்க முப்பது ஆண்டுகள்

மனிதருக்கு நஞ்சூட்டிச் சோதிக்க இயலாது. ஆதலால் ஆய்வாளர்கள் வேறு வழியை நாடினர். 1970-களில் தாய்லாந்து, கென்யா, சுவாசிலாந்து ஆகிய நாடுகளில் மக்கள் உண்ணும் உணவை அவர்களின் தட்டிலிருந்தே எடுத்து அளந்தனர். எவ்வூர் உணவில் அஃப்லாடாக்சின் மிகுதியோ, அங்குக் கல்லீரல் புற்றும் மிகுதியாக இருந்தது. வெப்பமும் ஈரமும் மிக்க தாழ்நிலங்களில் இத்தொடர்பு தெளிவாகத் தெரிந்தது.

அப்போதுதான் ஒரு சிக்கல் எழுந்தது. அதே ஊர்களில் ஹெப்பாடைட்டிஸ் பி என்னும் கல்லீரல் அழற்சி வைரசும் பரவலாக இருந்தது. 1981-இல் தைவானில் 22,707 அரசு ஊழியர்களைத் தொடர்ந்து கண்காணித்த ஆய்வு வெளிவந்தது. அந்த வைரசை உடலில் தாங்கியவர்களுக்குக் கல்லீரல் புற்று வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 200 மடங்கிற்கும் அதிகம் என்று அது காட்டியது. "அப்படியானால் குற்றவாளி வைரசுதான், பூஞ்சை வெறும் பார்வையாளர்" என்று பலர் கருதினர். 1990-இல் சீனாவின் பல வட்டாரங்களை ஒப்பிட்ட ஒரு பெரிய ஆய்வு, அஃப்லாடாக்சினுக்கும் கல்லீரல் புற்றுக்கும் தொடர்பே காணப்படவில்லை என்றுகூட அறிவித்தது.

இந்த வழக்கைத் தீர்த்துவைத்தவை இரண்டு வகைச் சான்றுகள்.

முதலாவது, நஞ்சு விட்டுச்செல்லும் கைரேகை. நாம் உண்ணும் அஃப்லாடாக்சின் பி1-ஐக் கல்லீரலின் நொதிகள் வெளியேற்ற முயல்கின்றன. அம்முயற்சியில் அது மேலும் வீரியமுள்ள பொருளாக மாறி, மரபணு இழையில் உள்ள குவானின் என்னும் பகுதியோடு ஒட்டிக்கொள்கிறது. அணு பிரியும்போது அந்த இடத்தில் எழுத்துப்பிழை நேர்கிறது. 1991-இல் இரண்டு ஆய்வுக்குழுக்கள் ஒரே நேரத்தில் ஒரு வியப்பான செய்தியை வெளியிட்டன. ஒரு குழு சீனாவின் சிடோங் வட்டாரத்து நோயாளிகளையும், மற்றொன்று தென்னாப்பிரிக்கப் பகுதி நோயாளிகளையும் ஆராய்ந்தது. இரண்டிலும், புற்றுநோயைத் தடுத்துக் காக்கும் பி53 என்னும் மரபணுவில், 249-ஆம் இடத்தில், ஒரே வகையான பிழை காணப்பட்டது. சிடோங் நோயாளிகள் 16 பேரில் 8 பேரிடம் அது இருந்தது. அஃப்லாடாக்சின் குறைவாக உள்ள நாடுகளின் நோயாளிகளிடம் அப்பிழை அரிது. திருடன் தன் கைரேகையை விட்டுச்சென்றிருந்தான்.

இரண்டாவது, ஷாங்காய் ஆய்வு. 1986 முதல் 1989 வரை அந்நகரில் 18,244 ஆண்களிடமிருந்து சிறுநீர், இரத்த மாதிரிகள் திரட்டப்பட்டன. அவர்கள் அப்போது நலமாக இருந்தவர்கள். பின்னர் யாருக்குக் கல்லீரல் புற்று வந்தது என்று கண்காணித்து, சேமித்த மாதிரிகளைச் சோதித்தனர். 1992-இலும் 1994-இலும் வெளியான முடிவுகள் இவை: சிறுநீரில் அஃப்லாடாக்சின் தடயம் மட்டும் இருந்தவர்களுக்கு ஆபத்து ஏறத்தாழ 3 மடங்கு, வைரஸ் மட்டும் இருந்தவர்களுக்கு 7 மடங்கு, இரண்டும் சேர்ந்திருந்தவர்களுக்கு 59 மடங்கு!

மூன்றையும் ஏழையும் கூட்டினாலும் பெருக்கினாலும் 59 வராது. இருவரும் கூட்டாளிகள் என்பதே இதன் பொருள். வைரசா, பூஞ்சையா என்ற கேள்வியே பொருத்தமற்றது என்பதை இந்த எண்கள் உணர்த்தின.

உலக நலவாழ்வு நிறுவனத்தின் அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வகம், 1987-இல் அஃப்லாடாக்சின்களை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான முதல் பிரிவில் சேர்த்தது. பின்னர் வந்த மறுஆய்வுகளிலும் அம்முடிவு உறுதிப்படுத்தப்பட்டது. 2010-இல் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி, உலகில் தோன்றும் கல்லீரல் புற்றுகளில் 4.6 முதல் 28.2 விழுக்காடு வரை அஃப்லாடாக்சினுக்குப் பங்கிருக்கலாம்.

நம் மண்ணில் நிகழ்ந்த துயரம்

புற்றுநோய் பல்லாண்டுகள் கழித்து வருவது. ஆனால், இந்நஞ்சு அளவு மிகுந்தால் சில நாள்களிலோ சில மணி நேரத்திலோ உயிரைப் பறிக்கும். 1974-இல் இந்தியாவின் இராஜஸ்தான், குஜராத் மாநிலங்களின் எல்லைப்புறத்தில் பருவம் தப்பிய மழையில் நனைந்த மக்காச்சோளத்தை உண்ட பழங்குடி மக்களுள் 397 பேர் நோயுற்று, 106 பேர் இறந்தனர். அவர்களோடு அதே உணவை உண்ட நாய்களும் இறந்தன. 2004-இல் கென்யாவில் 317 பேர் பாதிக்கப்பட்டு, 125 பேர் மாண்டனர். அங்கும் ஈரமான மக்காச்சோளமே காரணம்.

நம் நாட்டிலும் இது நேர்ந்தது என்பதைப் பல இளம் ஆசிரியர்கள் அறியார். 1988 அக்டோபரில், சீனர்களின் ஒன்பது பேரரசர் தெய்வத் திருவிழாக் காலத்தில், பேராக் மாநிலத்தில் 13 சீனக் குழந்தைகள் இறந்தனர். மிகச் சிறிய குழந்தைக்கு வயது இரண்டரை. மூத்த பிள்ளைக்குப் பதினொன்று. அவர்கள் அனைவரும் இறப்பதற்குச் சில மணி நேரத்திற்கு முன் எலிவால் வடிவிலான லோ சீ ஃபன் என்னும் அரிசி மீயை உண்டிருந்தனர். வாந்தி, காய்ச்சல், வலிப்பு, பின்னர் நினைவிழப்பு. குழந்தைகள் வெவ்வேறு ஊர்களைச் சேர்ந்தவர்கள். ஆனால் அவ்வூர்கள் அனைத்தும் கம்பாரிலிருந்து மீ விநியோகமான வழியில் அமைந்திருந்தன. இறந்த குழந்தைகளின் உடல் மாதிரிகளில் அஃப்லாடாக்சின் இருந்தது உறுதி செய்யப்பட்டது. போரிக் அமிலத்தின் பங்கு குறித்தும் அப்போது ஐயம் எழுந்தது.

இரண்டரை வயது முதல் பதினொரு வயது வரை என்றால், நம் பாலர் பள்ளியிலும் தொடக்கப் பள்ளியிலும் அமர்ந்திருக்கும் பிள்ளைகளின் வயது. உணவுத் தூய்மை என்பது நலக்கல்விப் பாடநூலின் ஒரு பக்கமாக மட்டும் நின்றுவிடக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

குற்றம் சாட்டப்பட்ட பிற பூஞ்சைகள்

அஃப்லாடாக்சின் மெய்ப்பிக்கப்பட்டதும் ஆய்வாளர்கள் பிற பூஞ்சை நஞ்சுகளையும் ஆராயத் தலைப்பட்டனர். எல்லா வழக்குகளும் ஒரே தீர்ப்பில் முடியவில்லை.

தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்கை வட்டாரத்தில் உணவுக்குழாய்ப் புற்று மிகுதி. 1988-இல் அங்கு மக்காச்சோளத்தைத் தாக்கும் ஃபியூசேரியம் பூஞ்சையிலிருந்து ஃபியூமோனிசின் என்னும் நஞ்சைப் பிரித்தெடுத்தனர். விலங்குகளுக்கு அது புற்று உண்டாக்குகிறது. மனிதருக்கு உண்டாக்கக்கூடும் என்ற அளவில்தான் அது இன்றும் வகைப்படுத்தப்பட்டுள்ளது.

இதனினும் பெரிய பாடம் பால்கன் நாடுகளிலிருந்து கிடைத்தது. டானியூப் ஆற்றின் கிளையாறுகளை ஒட்டிய சில சிற்றூர்களில், சிறுநீரகம் செயலிழப்பதும் சிறுநீர்க்குழாய்ப் புற்றும் தலைமுறை தலைமுறையாகக் காணப்பட்டன. 1970-களிலிருந்து பலரும் தானியத்தில் வளரும் பூஞ்சையின் ஓக்ராடாக்சின் என்னும் நஞ்சையே காரணமாகக் கருதினர். 2007-இல் வெளியான ஆய்வு வேறொன்றைச் சுட்டியது. கோதுமை வயலில் களையாக வளரும் ஒரு செடியின் விதைகள் மாவில் கலந்திருந்தன; அச்செடியிலுள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலத்தின் தடயம் நோயாளிகளின் மரபணுவில் ஒட்டியிருந்தது. அங்கும் பி53 மரபணுவில் கைரேகை இருந்தது. ஆனால் அது வேறு திருடனுடையது. நம் நாட்டு மருத்துவத்தில் பேசப்படும் ஆடுதின்னாப்பாளை அந்தக் களைச்செடியின் பேரினத்தைச் சேர்ந்தது என்பதையும் பெற்றோர்கள் நினைவிற்கொள்வது நன்று. மூலிகை என்பதாலேயே ஒன்று தீங்கற்றதாகிவிடாது.

ஆக, பூஞ்சை மீது சுமத்தப்படும் ஒவ்வொரு பழியும் உண்மையன்று. ஒவ்வொன்றும் தனித்தனியே விசாரிக்கப்பட வேண்டும்.

இன்றைய ஆராய்ச்சிப் போக்கு

இதுவரை சொன்னவை உணவிலுள்ள நஞ்சைப் பற்றியவை. உடலுக்குள் வாழும் பூஞ்சைகளைப் பற்றிய ஆய்வு அண்மைக் காலத்தில் வேகம் பெற்றுள்ளது. வாயில் நெடுங்காலம் நிலைத்துத் தடிக்கும் ஒருவகைக் கேண்டிடா தொற்று சிலருக்குப் புற்றாக மாறக்கூடும் என்று பல் மருத்துவர்கள் அறிவர். ஆகவே அத்தகைய வெண்படலத்தை அவர்கள் கண்காணிக்கின்றனர். ஆனால், பூஞ்சை அதற்குக் காரணமா, ஏற்கெனவே பழுதுற்ற தோலில் குடியேறிய விருந்தாளியா என்னும் விவாதம் முடியவில்லை.

2019-இல் நியூயார்க் ஆய்வாளர்கள், நம் தோலில் இயல்பாக வாழும் மலசீசியா என்னும் பூஞ்சை, எலிகளின் குடலிலிருந்து கணையத்திற்குச் சென்று அங்குள்ள கட்டியின் வளர்ச்சியைத் தூண்டுகிறது என்று நேச்சர் இதழில் எழுதினர். 2022-இல் செல் இதழில் வெளியான ஆய்வொன்று, 35 வகைப் புற்றுநோய்களைச் சேர்ந்த 17,401 மாதிரிகளில் பூஞ்சைத் தடயங்களைத் தேடி, பல கட்டிகளில் மிகச் சிறு அளவில் அவை இருப்பதாகத் தெரிவித்தது. உலகெங்கும் செய்தித்தாள்கள் இதனைத் தலைப்புச் செய்தியாக்கின. நமது புலனக் குழுக்களுக்கும் இது கொண்டாட்டமாயிற்று.

அடுத்து நிகழ்ந்தவை அந்த அளவுக்குத் தலைப்புச் செய்தி ஆகவில்லை. 2023-இல் வேறு ஆய்வாளர்கள் 2019-ஆம் ஆண்டு ஆய்வின் தரவுகளை மீண்டும் ஆராய்ந்து, கணையப் புற்றுக்கும் அப்பூஞ்சைக்கும் உள்ள தொடர்பைத் தங்களால் உறுதிசெய்ய முடியவில்லை என்று அதே நேச்சர் இதழில் எழுதினர். கட்டிகளில் உள்ள நுண்ணுயிர்களைப் பற்றி 2020-இல் வெளியான புகழ்பெற்ற ஆய்வுக் கட்டுரை ஒன்று, மனித மரபணுத் துணுக்குகளைக் கிருமிகளுடையவை என்று தவறாகக் கணக்கிட்டிருந்ததாகச் சுட்டிக்காட்டப்பட்டு, 2024-இல் திரும்பப் பெறப்பட்டது. 1890-இல் நுண்ணோக்கியில் நேர்ந்த குழப்பம், 130 ஆண்டுகளுக்குப் பின் கணினியில் நேர்ந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. தன் உடலின் ஒரு பகுதியையே மனிதன் அயலான் என்று எண்ணிவிடுகிறான்.

இங்கு மற்றொன்றையும் கூற வேண்டும். புற்றுநோயாளிகளின் உடலில் பூஞ்சை காணப்படுவது இயல்பு. நோயும் அதற்கான வேதிச் சிகிச்சையும் எதிர்ப்பாற்றலைக் குறைக்கின்றன. அச்சமயம் பார்த்துப் பூஞ்சைகள் தாக்குகின்றன. பூஞ்சைத் தொற்றால் புற்றுநோயாளிகள் உயிரிழப்பதும் உண்டு. அதனைக் காண்பவர் "பூஞ்சைதான் புற்றைக் கொண்டுவந்தது" என்று முடிவுசெய்தால், தீயணைப்பு வண்டி நிற்கும் இடங்களிலெல்லாம் தீப்பிடித்திருப்பதால் வண்டிதான் தீவைத்தது என்பதுபோல் ஆகிவிடும்.

புற்றணு நம் சொந்த அணு. அதில் இருப்பது நம் மரபணு. பூஞ்சையின் அணுவைச் சூழ்ந்திருக்கும் கைட்டின் கலந்த சுவர் புற்றணுவுக்கு இல்லை. அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வகத்தின் முதல் பிரிவில் வைரசுகள் உள்ளன, வயிற்றில் வாழும் ஒரு பாக்டீரியா உள்ளது, தட்டைப்புழுக்களும் உள்ளன; பூஞ்சைத் தொற்று எதுவும் இல்லை. சமையல் சோடா கருத்தைப் பரப்பிய ஐரோப்பிய மருத்துவர் தம் மருத்துவப் பதிவை இழந்தார். நோயாளியின் மரணம் தொடர்பாக நீதிமன்றத் தண்டனையும் பெற்றார். அளவு மீறிய சோடா, இரத்தத்தின் உப்புச் சமநிலையைக் குலைத்து உயிருக்கே உலை வைக்கும்.

நல்ல செய்தியும் உண்டு

1991-ஆம் ஆண்டு ஆய்வில் இடம்பெற்ற சிடோங், யாங்சி ஆற்றின் முகத்துவாரத்தில் உள்ள வேளாண் வட்டாரம். மக்காச்சோளமே அங்கு முதன்மை உணவாக இருந்தது. 1980-களில் சீனாவின் பொருளாதாரச் சீர்திருத்தத்திற்குப் பின் மக்கள் அரிசி உணவுக்கு மாறினர். சேமிக்கப்பட்ட இரத்த மாதிரிகளை ஒப்பிட்டபோது, அஃப்லாடாக்சின் தடயம் பல மடங்கு குறைந்திருந்தது. கல்லீரல் புற்றால் இறப்போர் எண்ணிக்கையும் குறைந்தது. இவர்கள் தடுப்பூசி பரவலாகும் முன்னரே வளர்ந்த தலைமுறையினர். ஆகவே இந்த வீழ்ச்சிக்குத் தடுப்பூசி காரணமாகாது. உணவு மாறியது, நோய் குறைந்தது.

கூட்டாளியையும் நாம் விட்டுவைக்கவில்லை. தைவான் 1984-இலும், மலேசியா 1989-இலும் பிறந்த குழந்தைகளுக்கு ஹெப்பாடைட்டிஸ் பி தடுப்பூசியை நாடு தழுவிய நிலையில் தொடங்கின. சிங்கப்பூர் 1985-இல் வைரஸ் தாங்கிய தாய்மாரின் குழந்தைகளுக்கும், 1987-இல் எல்லாக் குழந்தைகளுக்கும் விரிவுபடுத்தியது. தைவானில் 6 முதல் 14 வயதுச் சிறாரிடையே கல்லீரல் புற்று, 100,000 பேருக்கு 0.70 என்னும் அளவிலிருந்து சில ஆண்டுகளில் 0.36 ஆகக் குறைந்ததை 1997-இல் வெளியான ஆய்வு காட்டியது. புற்றுநோயைத் தடுத்த முதல் தடுப்பூசி என்று அது போற்றப்படுகிறது.

பூஞ்சை இனம் முழுவதையும் நாம் பகைக்கவும் வேண்டியதில்லை. நம் சமையலறைச் சோயா சாறு, ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸின் நெருங்கிய உறவான ஆஸ்பர்ஜில்லஸ் ஒரைசே என்னும் நஞ்சற்ற பூஞ்சையால் நொதிக்க வைக்கப்படுவது. தெம்பேவும் பூஞ்சையின் கொடையே. 2025-இல் அமெரிக்க ஆய்வாளர்கள், அஃப்லாடாக்சினைச் சுரக்கும் அதே ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸிலிருந்து, ஆய்வுக்கூடத்தில் இரத்தப் புற்றணுக்களை அழிக்கும் சில மூலக்கூறுகளைப் பிரித்தெடுத்துள்ளனர். மருந்தாவதற்கு இன்னும் நெடுந்தூரம் இருக்கிறது.

நாம் செய்ய வேண்டியவை

ஆசிரியர்களும் பெற்றோர்களும் செய்யக்கூடியவற்றைச் சுருக்கமாகத் தருகிறேன்.

1. நாசி லெமாக்கிலும் சத்தே குழம்பிலும் ரோஜாக்கிலும் நிலக்கடலை இல்லாமல் நம் நாட்டில் உணவில்லை. கடலையை ஒதுக்க வேண்டா. நல்ல கடலையை வாங்குவோம். சுருங்கியதை, நிறம் மாறியதை, கசப்பதைத் தயங்காமல் எறிந்துவிடுவோம். கடித்தபின் கசந்தால் துப்பிவிடுமாறு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்போம்.

2. பூஞ்சணத்தைக் கழுவிவிட்டுச் சமைப்பது பயன் தராது. நஞ்சு கண்ணுக்குத் தெரியாது. சாதாரணச் சமையல் வெப்பத்தில் முழுமையாக அழிவதுமில்லை.

3. கடலை, மக்காச்சோளம், காய்ந்த மிளகாய் முதலியவற்றைச் சிறிதளவாக வாங்கி, ஈரம் புகாத கலத்தில் வைப்போம். பள்ளிச் சிற்றுண்டிச்சாலையின் சேமிப்பறையைப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஆண்டுக்கு இருமுறையாவது பார்வையிடலாம்.

4. 1989-க்கு முன் பிறந்த என் தலைமுறையினருக்குக் குழந்தைப் பருவத் தடுப்பூசி கிடைத்திராது. ஹெப்பாடைட்டிஸ் பி இருக்கிறதா என்று அறிய ஓர் இரத்தப் பரிசோதனை போதும். இருப்பது தெரிந்தால் கண்காணிக்க மருத்துவர்கள் இருக்கிறார்கள், மருந்தும் இருக்கிறது.

5. புற்றுநோய்ச் சிகிச்சையை நிறுத்தச் சொல்லும் எந்தச் செய்தியையும் பகிராதீர்கள். ஐயம் இருப்பின் சிகிச்சை அளிக்கும் மருத்துவரிடமே கேளுங்கள். கேட்பதில் தயக்கம் வேண்டா.

6. ஆறாம் ஆண்டில் நுண்ணுயிர்கள் பாடத்தை நடத்தும்போது, ரொட்டித் துண்டுச் சோதனையோடு நின்றுவிடாமல் வான்கோழிகளின் கதையையும் சொல்லுங்கள். எல்லா வான்கோழிகளும் எதை உண்டன, நோய் ஏன் பக்கத்துப் பண்ணைக்குப் பரவவில்லை என்று மாணவர்களையே கேளுங்கள். பத்து நிமிடத்தில் அவர்களே பிண்ணாக்கைச் சுட்டிக்காட்டுவார்கள். நான் செய்து பார்த்திருக்கிறேன்.

அவ்வாறு கேட்டுப் பழகிய பிள்ளை, நாளை வளர்ந்து ஒரு புலனச் செய்தியைப் படிக்கும்போது "இதை யார் சோதித்தார்? மீண்டும் சோதித்தவர் யார்?" என்று கேட்கும். அந்தக் கேள்வி ஒரு குடும்பத்தில் ஓர் உயிரைக் காக்கக்கூடும்.